இரவு ரோந்தா, கேமராவா, தனிக் காவலரா, கூட்டுக் குழுவா? கிராமப் பாதுகாப்பில் முதல் அடி எது

காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் பார்க்கிறார். சுவிட்ச் பெட்டியின் கதவு திறந்து தொங்குகிறது. மோட்டார் இருக்கிறது, குழாய் இருக்கிறது, கேபிளைக் காணோம். வரப்போரத்தில் ஒரு கருந்திட்டு, பக்கத்தில் போனால் எரிந்த ரப்பரின் நாற்றம். அங்கேயே உட்கார்ந்து மேலுறையை எரித்து, உள்ளிருந்த தாமிரக் கம்பியை மட்டும் சுருட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். அதை விற்றால் திருடனுக்குக் கிடைப்பது கொஞ்சம். புதிய கேபிள் போட ஆகும் செலவு அதைவிடப் பல மடங்கு. அதுவரை வாடும் பயிருக்குக் கணக்கே கிடையாது.

காவல் நிலையம் தொலைவில் இருக்கிறது. ஒரு நாள் வேலையை விட்டுப் போய்ச் சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று பலர் புகாரே கொடுப்பதில்லை. புகார் இல்லாததால் பதிவேட்டில் குற்றம் இல்லை. பதிவேட்டில் இல்லாததால் அந்தப் பக்கம் காவலர் வருவதில்லை. காவலர் வராததால் அடுத்தவரும் புகார் கொடுப்பதில்லை. உலகின் எந்த மூலையில் இருக்கும் கிராமத்தை எடுத்துக்கொண்டாலும் இந்தச் சுழலைப் பார்க்கலாம்.

இரண்டு மூன்று மோட்டார்களுக்கு இதே கதி நேர்ந்த பிறகு ஊர் கூடும். கூடிய இடத்தில் பெரும்பாலும் நான்கு யோசனைகள் வரும். இளைஞர்களைத் திரட்டி இரவு ரோந்து விடலாம். சாலை முனைகளில் கேமரா வைக்கலாம். இந்தப் பகுதிக்கென்று ஒரு காவலரைக் கேட்டு வாங்கலாம். காவல்துறை, உள்ளாட்சி, மின்வாரியம், பள்ளி, சுகாதார நிலையம், ஊர் மக்கள் என்று எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு கூட்டுக் குழு அமைக்கலாம். நான்கையும் ஒரே நேரத்தில் செய்ய எந்த ஊரிலும் ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஊரின் முதல் வேகம் தவறான இடத்தில் செலவாகிவிட்டால் இரண்டாவது முறை கூட்டத்துக்கு ஆள் வராது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டுக் குழுவைத்தான் முதலில் தொடங்க வேண்டும், அதுவும் சிறியதாக. அதற்குத் துணையாகப் பெயரும் முகமும் தெரிந்த ஒரு காவலர் வேண்டும். ரோந்து தேவைப்பட்டால் அந்தக் குழுவுக்குக் கட்டுப்பட்டதாக மட்டுமே இருக்க வேண்டும். கேமரா கடைசி. பொருளைப் பறிகொடுத்த கோபத்தில் இருப்பவரிடம் போய்க் குழு, கூட்டம் என்று பேசினால் எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சல் நியாயமானது. அதனால் அவர் முதலில் கேட்கும் ரோந்திலிருந்தே தொடங்குகிறேன்.

ரோந்துக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. பெரு நாட்டின் வடக்கு மலைப்பகுதியில், கஹாமார்க்காவின் சோத்தா மாகாணத்தில் குயுமால்கா என்றொரு சிற்றூர். கால்நடைத் திருட்டு தாங்க முடியாமல் போனது. காவல்துறையும் நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. 1976 டிசம்பரில் அவ்வூர் விவசாயிகள் முறை வைத்துக்கொண்டு இரவுக் காவலுக்குப் புறப்பட்டார்கள். நம் காதுக்குப் பழகிய பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்: ரோந்தா. சில ஆண்டுகளில் அது வடக்கு பெரு எங்கும் பரவியது. 1993-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் இடம்பிடித்தது, 2003-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் அதன் பலம் இரவில் நடந்தவர்களின் கைத்தடியில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. முறை வைத்தது ஊர்க்கூட்டம். பிடிபட்டவரை விசாரித்தது ஊர்க்கூட்டம். முடிவை ஏட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதும் ஊர்க்கூட்டம்தான். சவுக்கடித் தண்டனையும் அங்கே இருந்தது, அதை என்னால் ஏற்க முடியாது. எனினும், இரவில் செய்ததற்குப் பகலில் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அந்தப் பதில் சொல்லும் கடமை இல்லாத இடத்தில் அதே யோசனை வேறு முகம் காட்டியது. 1980-களின் தொடக்கத்தில் தான்சானியாவின் சுகுமா, நியாம்வேசி மக்கள் வாழும் பகுதிகளில் மாட்டுத் திருட்டைத் தடுக்க ‘சுங்குசுங்கு’ குழுக்கள் எழுந்தன. திருட்டு குறைந்தது என்று மக்கள் கொண்டாடினார்கள், அரசும் ஆதரித்தது. அந்தக் குழுக்களின் கை பின்னர் சூனியக்காரிகள் என்று பழி சுமத்தப்பட்ட முதிய பெண்கள் மீதும் விழுந்தது.

இந்தியாவில் இதை நாம் 2018-இல் கண்ணெதிரே பார்த்தோம். குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்து ரெயின்பாடாவில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். ஊர் ஊராகச் சென்று பிச்சை எடுத்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தவர்கள் அவர்கள். ஊராட்சி அலுவலக அறைக்குள் அடைத்து வைத்து அடித்தார்கள். அதே மாதம் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் முன்னனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. அடித்தவர்களில் பலர் தங்கள் ஊரைக் காப்பாற்றுவதாகவே நம்பியிருப்பார்கள். ரோந்து பற்றி யோசிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான். இருட்டில் எதிரே வருபவரை ‘நம்மவர்’, ‘அந்நியர்’ என்று பிரிக்கும் வேலையை ரோந்து போகிறவர்களிடம் நாம் ஒப்படைக்கிறோம். வேலை தேடி வந்து ஊரோரம் கூடாரமடித்துத் தங்கியிருக்கும் தொழிலாளியும், ஆடு மேய்த்துக்கொண்டு ஊர் மாறும் இடையரும் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் வருவார்கள்?

சட்டத்தின் எல்லையும் குறுகியது. இந்தியாவில் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு பொதுமக்களில் ஒருவர் மற்றொருவரைப் பிடிக்க இடம் தருகிறது. ஆனால் பிணையை உரிமையாகக் கேட்க முடியாத, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றத்தைப் பிடிப்பவரின் கண்ணெதிரே செய்பவராகவோ, தேடப்படுபவர் என்று முறைப்படி அறிவிக்கப்பட்ட குற்றவாளியாகவோ பிடிபடுபவர் இருக்க வேண்டும். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்துக்காகக் கட்டிப்போட யாருக்கும் உரிமை கிடையாது. ரோந்துக்குப் புறப்படும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள்?

ரோந்து போகாமல் கண்காணிப்பதும் ஒரு வழி. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் உள்ள மொலிங்டன் என்ற கிராமத்தில்தான் 1982-இல் அந்நாட்டின் முதல் அண்டைவீட்டார் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. அங்கே யாரும் தடியெடுக்கவில்லை. பார்த்ததைச் சொல்வது மட்டுமே வேலை. இத்தகைய திட்டங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான மதிப்பீடு, குற்றம் 16 முதல் 26 சதவீதம் வரை குறைந்ததாகக் கணித்தது. ஆனால் எல்லா இடத்திலும் அது பலன் தரவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தகைய குழுக்கள் எளிதாக வேர்பிடிப்பது ஏற்கெனவே ஒற்றுமையாக, ஓரளவு வசதியாக இருக்கும் இடங்களில்தான். களவு அதிகம் நடக்கும் இடத்தில், ஒருவரையொருவர் நம்பாத தெருவில், அதைத் தொடங்குவதே பெரும்பாடு.

கேமராவுக்கு நீண்ட விவாதம் தேவையில்லை. நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்தது. மிக நல்ல பலன் கிடைத்தது வாகன நிறுத்துமிடங்களில். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆள் உட்கார்ந்து நேரடியாகக் கவனித்த இடங்களில் பலன் அதிகம். வாகன நிறுத்துமிடம் என்பது சின்ன இடம், வழி ஒன்றிரண்டுதான். கிராமம் நேர்மாறு: பரந்த நிலம், எத்தனையோ ஒற்றையடிப் பாதைகள், மின்வெட்டு, படம் பிடித்ததைப் பார்க்க ஆளில்லாத அறை. ஊருக்குள் நுழையும் ஒரே பாலம், ஒரே சாலை என்று இருந்தால் அங்கே ஒன்று வைப்பதில் பொருள் இருக்கிறது. அப்போதும் பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், பழுதானால் யார் பணம் தருவது என்பதை எழுதி வைத்த பிறகே வைக்க வேண்டும். ஊரில் ஒரு பெண் எத்தனை மணிக்கு யாரோடு வந்தாள் என்று பார்க்கும் கருவியாக அது மாற எத்தனை நாள் ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கென்று ஒரு காவலர் என்ற மூன்றாவது யோசனைக்கு நான் பாதி ஆதரவு. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 1972–73-இல் ஒரு சோதனை செய்தார்கள். சில பகுதிகளில் ரோந்து வண்டிகளைக் கூட்டினார்கள், சில பகுதிகளில் நிறுத்தினார்கள், மற்றவற்றில் முன்போலவே விட்டார்கள். குற்றத்திலும் மக்களின் அச்சத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு தெரியவில்லை. வண்டி வந்து போவதால் மட்டும் பெரிதாக எதுவும் மாறாது. காவலரின் முகம் ஊருக்குத் தெரிவது வேறு விஷயம். ஜப்பானின் கிராமப்புறங்களில் ‘சுசாய்ஷோ’ என்ற காவல் இல்லங்கள் உண்டு. காவலர் குடும்பத்தோடு அதே கட்டடத்தில் குடியிருப்பார். கேரளத்தில் 2008-இல் தொடங்கிய ஜனமைத்ரி என்ற மக்கள்–காவல்துறை நட்புத் திட்டத்தில், ஒரு சிறு பகுதிக்குப் பொறுப்பான பீட் காவலர் தன் பகுதியில் வீடு வீடாகச் செல்ல வேண்டும் என்பதுதான் அடிப்படை. பின்னாளில் 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், 1970-களில் இண்டியானாபொலிஸ் பகுதியில் காவல் பணிகளை ஆராய்ந்தார். சிறிய காவல் அமைப்புகள் பெரிய மையப்படுத்தப்பட்ட அமைப்புக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல என்று கண்டார். மக்கள் பார்த்ததைச் சொல்லாவிட்டால் காவலரால் பாதுகாப்பை உண்டாக்கவே முடியாது, அது இருவரும் சேர்ந்து விளைவிப்பது என்ற கருத்தும் அவருடைய வட்டத்தில் உருவானதுதான்.

ஆனால் காவலர் ஒருவரை மட்டும் நம்பும் ஏற்பாடு அவருடைய இடமாற்ற ஆணையோடு முடிந்துவிடும். அவர் எதைச் செய்தார், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்பது அவர் தலைக்குள் இருக்கும். தலை போனால் எல்லாம் போகும். இன்னொன்று, கேபிள் திருட்டைத் தடுக்கத் தேவையான அதிகாரம் பெரும்பாலும் காவலரிடம் இல்லை.

அது யாரிடம் இருக்கிறது? வரப்போரத்துக் கருந்திட்டுக்குத் திரும்புவோம். தாமிரத்தை யாரோ வாங்குகிறார்கள். மேலுறை எரிந்த கம்பியை, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் எடைபோடும் ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது. அந்தக் கடைக்கு உரிமம் தருவது உள்ளாட்சி. எந்த நேரத்தில் மின்சாரம் இருக்காது என்று முன்கூட்டியே தெரிந்தது மின்வாரியத்துக்கு. மின்சாரம் இல்லாத நேரத்தில் கேபிளில் கைவைப்பது எளிது. எந்தெந்த மோட்டார்கள் ஆளில்லாத தோட்டத்தில் இருக்கின்றன என்பது விவசாயிகளுக்குத் தெரியும். இரும்புக்கடை வாசலில் பள்ளி நேரத்தில் நிற்கும் பையன் யார் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும், அவனை ஏவுகிறவர் யார் என்பதைக் காவலர் ஊகிக்கலாம். இந்தத் துண்டுகள் எல்லாம் தனித்தனி வீட்டில், தனித்தனி அலுவலகத்தில் கிடக்கின்றன. இரவு முழுக்க நடந்தாலும் ரோந்துக்காரர் கண்ணில் இவற்றில் ஒன்றும் படாது.

இது வெறும் ஊகமல்ல. 1980-களின் நடுவில் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரத்துக் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் வீடு புகுந்து திருடுவது மிக அதிகம். காவல்துறையோடு நன்னடத்தை அலுவலர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, திருட்டுக்கு ஆளானவர்களையும் பிடிபட்ட திருடர்களையும் உட்கார வைத்துப் பேசினார்கள். இரண்டு செய்திகள் வெளிவந்தன. ஒன்று, பல வீடுகளில் காசு போட்டு மின்சாரம், எரிவாயு பெறும் மீட்டர்கள் இருந்தன, திருடர்கள் குறிவைத்தது அந்தக் காசை. இரண்டு, ஒருமுறை திருட்டுப் போன வீட்டுக்கே திருடன் மறுபடி வந்தான். மீட்டரை மாற்றும் அதிகாரம் விநியோக நிறுவனங்களிடம் இருந்தது, அவற்றைப் பேச்சுக்கு அழைத்தார்கள். திருட்டுப் போன வீட்டைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டாரிடம் மட்டும் ‘அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டார்கள். சில ஆண்டுகளில் திருட்டு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. அது நகரத்துக் குடியிருப்பு என்பது உண்மைதான். ஆனாலும் ஊர் முழுவதையும் காவல் காக்க ஆளில்லாத கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. கடைசியாக அடிபட்ட இடத்தை, அடுத்த சில வாரங்களுக்கு, பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1998-இல் வந்த குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டம், காவல்துறையும் உள்ளாட்சியும் சேர்ந்து பாதுகாப்புத் திட்டம் வகுப்பதைக் கட்டாயமாக்கியது. அதன் 17-ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடிக்கும். தெருவிளக்கு, பூங்கா, உரிமம் என்று எந்த வேலையைச் செய்தாலும் அதனால் குற்றம் கூடுமா குறையுமா என்று உள்ளாட்சி யோசித்தாக வேண்டும் என்கிறது அது. ‘அது போலீஸ் வேலை’ என்று கைகழுவ முடியாது.

கூட்டுக் குழுவின் குறைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவையே அதைக் கொல்கின்றன. எண்ணிக்கையை மட்டும் வைத்து முன்னுரிமை தீர்மானித்தால் கிராமம் எப்போதும் நகரத்திடம் தோற்கும். ஐந்து மோட்டார் கேபிள் என்பது மாவட்ட அறிக்கையில் ஒரு வரிகூட ஆகாது, அந்த ஐந்து குடும்பத்துக்கு அது ஒரு போகம். அடுத்து, கூட்டம் போடுவதே வேலை என்று ஆகிவிடும் ஆபத்து. வருகிற அதிகாரி ஒவ்வொரு முறையும் வேறொருவராக இருந்தால், அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாவிட்டால், மூன்றாவது கூட்டத்தோடு ஊர் மக்கள் நின்றுவிடுவார்கள். அவர்கள் நிற்பதில் தவறும் இல்லை.

இவற்றைவிடப் பெரிய கேள்வி, யார் உட்காருகிறார்கள் என்பது. 1993-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘காவல்துறை நண்பர்கள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். பொதுமக்களையும் காவல்துறையையும் நெருங்க வைக்கும் நல்ல நோக்கம் அது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் உயிரிழந்தபோது, அந்த இயக்கத்தின் தன்னார்வலர்களுக்கும் அதில் தொடர்பு உண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்த ஜூலையில் தமிழக அரசு அவ்வியக்கத்துக்குத் தடை விதித்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். காவல்துறைக்கு மட்டும் பதில் சொல்லும் தன்னார்வலர், ஊருக்குப் பதில் சொல்லாதவராக ஆகிவிடலாம். ஊரிலிருந்து வருபவரை ஊர் அனுப்ப வேண்டும், திருப்பி அழைக்கவும் ஊருக்கு உரிமை வேண்டும்.

ஊர் என்றால் யார் என்பதையும் விடக் கூடாது. நிலமுள்ளவர்களும் ஆண்களும் மட்டும் உட்கார்ந்தால் கேபிளைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். பல பெண்களுக்கு ஆபத்து வெளியிலிருந்து வருவதில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நகரத்தில் அடிபட்ட பெண் பக்கத்துத் தெருவுக்கு ஓடலாம். கிராமத்தில் கடைசி பஸ் போய்விட்டால் போக்கிடம் இல்லை, புகார் எழுதுபவர் கணவனுக்குத் தெரிந்தவராக இருப்பார், அவள் காவல் நிலையம் போனது பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். சுகாதார நிலையச் செவிலியருக்கு இதெல்லாம் தெரியும். அவர் குழுவில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஆனால் இது பொதுக் கூட்டத்தில் பேசும் விஷயம் அல்ல. செவிலியரும், பெண் காவலரும், உதவி மையமும் தங்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய தனி வழி அது. கூலித் தொழிலாளர் குடியிருப்பிலிருந்தும், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களிடமிருந்தும் தலா ஒருவர் இல்லாவிட்டால், அவர்களைப் பற்றியே சந்தேகப்பட்டுப் பேசி முடிக்கும் கூட்டமாக அது ஆகிவிடும்.

எப்போது என் வரிசை பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். ஆயுதத்தோடு வந்து மந்தையையே ஓட்டிக்கொண்டு போகும் இடத்தில் கூட்டம் போட நேரமில்லை, அங்கே அரசுப் படைதான் முதலில் வர வேண்டும். காவல்துறையே திருடனோடு கைகோத்திருக்கும் இடத்தில் அவர்களை உட்கார வைத்துத் திட்டம் பேசுவது திருடனுக்குத் தகவல் கொடுப்பதாகும். குயுமால்கா மக்கள் அப்படிப்பட்ட நிலையில்தான் தங்களை மட்டும் நம்பினார்கள். நான் அங்கே இருந்திருந்தால் ரோந்துக்குத்தான் போயிருப்பேன்.

மற்ற ஊர்களுக்கு: ஏழு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஒரே ஒரு சிக்கலை எடுத்து ஆறு மாதம் அதையே பாருங்கள். கேபிள் என்றால் கேபிள் மட்டும். இரும்புக் கடைக்காரரையும் கூப்பிடுங்கள். குற்றவாளியாக நிறுத்தாமல், விற்க வருபவரின் பெயரும் வண்டி எண்ணும் எழுதி வைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி, ஐந்து கட்டம் போடுங்கள்: நாள், இடம், நடந்தது, பொறுப்பேற்றவர், சொன்னவருக்குப் பதில் போன நாள். யார் மீதும் சந்தேகப் பெயர் அதில் எழுதக் கூடாது. காவலர் மாறினால் புதியவருக்கு முதல் நாளே அந்த நோட்டைக் காட்டுங்கள். மாதம் ஒருமுறை பிரிக்கும்போது ஐந்தாவது கட்டத்தை முதலில் பாருங்கள். அங்கே வெறுமையாகக் கிடக்கும் வரிகளுக்குரிய வீடுகளுக்கு, கூட்டம் கலைவதற்குள், யாராவது ஒருவர் நேரில் போய்வர வேண்டும்.